மகாநாட்டு மண்டபமும் மலைநாட்டு லயமும்

கூடி வாழ விரும்பும் நாடுகளுக்கு என்றும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே குரலிற் பேசினாலன்றிச் சிறிய நாடுகளின் சொல் உலக அரங்கில் எடுபடாது. அதே வேளையில், தன் வேலியோரத்து வழக்கைப் பொதுச் சபையின் தீர்ப்புக்கு விட்டுவிட எந்த நாடும் சம்மதியாது. இதனைக் கற்றுக்கொள்ள நாம் ஐரோப்பிய சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் நின்ற நம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்விலேயே இந்தச் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்ற பெயரைக் கேளாத முதியவர் மலைநாட்டில் எவருமிலர். அது கையெழுத்தானது 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி. அதே அக்டோபர் மாதம் 5ஆம் திகதி முதல் 10ஆம் திகதி வரை, அதே ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அதே லால் பகதூர் சாஸ்திரியும் எகிப்தின் கைரோ நகரில் அணிசேரா நாடுகளின் இரண்டாவது மகாநாட்டில் அமர்ந்திருந்தார்கள் என்பதை நமது வாலிப அன்பர்களிற் பலர் அறியார். கைரோவில் நாற்பத்தேழு நாடுகளோடு சேர்ந்து காலனி ஆதிக்கத்தையும் நிறபேதத்தையும் கண்டித்த இருவரும், இருபது நாட்களுக்குப் பின் புதுடில்லியில் 9,75,000 மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். முதலாவது செயல் பொது வெளிநாட்டுக் கொள்கை. இரண்டாவது தேசிய நலன். ஒரே மாதத்தில் இரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று தொடாமல் நடந்தன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

விஷயத்தை 1939இலிருந்து தொடங்குவது நலம். அவ்வாண்டு ஜூலையில் பண்டித ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இங்கு சிதறிக் கிடந்த இந்தியர் சங்கங்களை ஒன்றாக இணையுமாறு அவர் கூறிய புத்திமதியின் பேரிலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அக்காங்கிரஸ் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் திரு. சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். அதற்கு மறு ஆண்டு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. ஏழு ஆசனங்களைத் தந்த வாக்காளர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க உரிமையற்றவராயினர். அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நடந்தும் சட்டம் அசையவில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்துவைத்தது உண்மை. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் விவாகமானவர் ஏழு ஆண்டும் விவாகமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம். நிரூபிப்பது எங்ஙனம்? லயக் காம்பராவிற் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுத்துவைத்த தகப்பன் எத்தனை பேர்? ஊருக்கு ஒரு தடவை போய் வந்ததே இடைவிட்ட வாசமாகக் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. எஞ்சியோர் இந்தியரென்றது கொழும்பு. இலங்கையில் வாழ்ந்து இலங்கைக்கு உழைத்தவர் இலங்கையின் பொறுப்பேயென்றது டில்லி. இரண்டு வீட்டுக்காரரும் தம் பிள்ளையல்லவென்று சொன்ன குழந்தையின் நிலைதான் ‘நாடற்றவர்’ என்ற சொல்லுக்குப் பொருள்.

இனி மகாநாட்டு மண்டபத்துக்குப் போவோம்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 2 வரை கொழும்பிலும் கண்டியிலுமாக ஐந்து பிரதம மந்திரிகள் கூடினர். இலங்கையின் சேர் ஜோன் கொத்தலாவலை அழைத்தவர். இந்தியாவின் நேரு, பாகிஸ்தானின் முகம்மதலி, பர்மாவின் ஊ நூ, இந்தோனீசியாவின் அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகியோர் விருந்தினர். ‘கொழும்பு நாடுகள்’ என்று உலகப் பத்திரிகைகள் இவ்வைவருக்கும் பெயர் சூட்டின. அவ்வேளையில் ஜெனீவாவில் இந்தோசீன யுத்தத்தைப் பற்றி வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்தன. ஆசியாவின் யுத்தத்துக்கு ஆசியரின் சொல்லும் வேண்டுமென்று இவ்வைந்து நாடுகளும் போர் நிறுத்தம் கோரின. ஐதரசன் குண்டுப் பரீட்சைகளை நிறுத்தச் சொல்லின. ஆபிரிக்க ஆசிய நாடுகளின் பெருமகாநாடொன்று கூட்டும் யோசனையை இந்தோனீசியப் பிரதமர் வெளியிட்டதும் இங்கேதான்.

ஐவரும் ஒருமனப்பட்டவர்களென்று எண்ணிவிடக்கூடாது. கம்யூனிசத்தை ஆபத்தென்று பெயர் குறித்துக் கண்டிக்க வேண்டுமென்பது சேர் ஜோனின் ஆசை, முகம்மதலியும் அப்பக்கமே. நேருவுக்கோ ஒரு வல்லரசு அணியை மாத்திரம் சுட்டுவது சேராமைக் கொள்கைக்கு முரண். முடிவில், கம்யூனிச சக்தியாயினும் கம்யூனிச விரோத சக்தியாயினும் வேறெதுவாயினும் வெளியார் தலையீட்டை எதிர்ப்போம் என்ற கருத்தில் ஒரு வாசகம் அமைத்தார்கள். எல்லோருக்கும் பாதி திருப்தி. பொதுக் கொள்கை என்பது பெரும்பாலும் இத்தகைய பாதித் திருப்திகளின் தொகுப்பே என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் குறையென்று நான் சொல்லவில்லை. ஐவரில் பாகிஸ்தான் அதே செப்டெம்பரில் மணிலா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேர் ஜோன் மேல்நாட்டுச் சார்புடையவராயிருந்தும் இலங்கையைச் சேர்க்கவில்லை. கொழும்பில் உட்கார்ந்து பேசியதன் பயன் அவ்வளவாவது இருந்தது.

ஆனால் அவ்வாண்டின் நாட்குறிப்பை முழுதாகப் பார்க்க வேண்டும். ஜனவரியில் டில்லியில் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம். ஏப்ரலில் கொழும்பு மகாநாடு. அக்டோபரில் மீண்டும் டில்லியில் மலைநாட்டு மக்களைப் பற்றிய பேச்சு. டிசெம்பரில் இந்தோனீசியாவின் போகோரில் ஐவரும் மறுபடி கூடல். ஒரே இரு மனிதர், ஒரே ஆண்டில், இரண்டு கணக்குப் புத்தகங்களை வைத்திருந்தார்கள். ஜனவரி ஒப்பந்தப்படி புதிதாகப் பிரஜைகளாவோர் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் இடாப்பிற் பதியப்பட வேண்டும். மற்றவர்கள் இந்தியப் பிரஜைகளாகப் பதிவதற்கு ஊக்கமளிக்கப்பட வேண்டும். அக்டோபரில் இரு சர்க்கார்களும் தமக்குள் கருத்து வேற்றுமை உண்டென்பதை மாத்திரம் ஒப்புக்கொண்டு கலைந்தன. இலங்கைப் பிரஜை, இந்தியப் பிரஜை என இரு பிரிவே உண்டென்றது கொழும்பு; எதிலும் சேராத மூன்றாம் பிரிவினர் இருக்கிறார்களென்றது டில்லி. அந்த மூன்றாம் பிரிவினர் கொழுந்து பறித்த மலைச்சரிவுகள், கண்டியில் பிரதம மந்திரிகள் கூடிய இடத்திலிருந்து சில மணி நேரக் கோச்சிப் பயணத்தில் இருந்தன. மகாநாட்டின் முடிவறிக்கை தூனீசியாவையும் மொரொக்கோவையும் பலஸ்தீன அகதிகளையும் பேசியது, நம்மைப் பேசவில்லை. பேசியிருந்தால் மகாநாடே உடைந்திருக்கும் என்பதும் நியாயமான வாதந்தான். காஷ்மீரைப் பற்றிப் பேச்செடுத்தால் நேரு எழுந்துவிடுவார். பிரஜாவுரிமையைப் பேசினால் சேர் ஜோன் எழுந்துவிடுவார். ஆகவே இரண்டு வழக்குகளும் மேசைக்கு அடியில் தள்ளப்பட்டன.

1955 ஏப்ரலில் பாண்டுங் மகாநாடு இருபத்தொன்பது நாடுகளோடு கூடியது. அங்கே சேர் ஜோன், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நாட்டின் பிடியும் ஒருவகைக் காலனி ஆதிக்கமே எனப் பேசி மண்டபத்தை அதிரவைத்தார். பேச்சை முன்கூட்டித் தமக்குக் காட்டியிருக்கலாகாதா என்று நேரு கோபித்தாரென்றும், நீங்கள் உங்கள் பேச்சுக்களை எனக்குக் காட்டுவதுண்டோ என்று தாம் திருப்பிக் கேட்டதாகவும் சேர் ஜோன் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். சிறிய நாடு பெரிய அயல்நாட்டின் நிழலில் நிற்க மறுக்கும் மனப்பான்மை அப்பதிலில் முழுதும் இருக்கிறது. அதே பாண்டுங் மகாநாடு இலங்கையை ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்க்க வேண்டுமெனக் கோரியதையும், அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கை சேர்க்கப்பட்டதையும் மறந்துவிடலாகாது. கூட்டாளிகளால் வந்த நன்மை அது.

பாண்டுங்கில் நடந்த இன்னொரு காரியம் நமக்கு மிகவும் அணித்தானது. ஆனால் நம்மவர் அதிகம் பேசாதது. ஏப்ரல் 22ஆம் திகதி சீனப் பிரதமர் சூ என்லாயும் இந்தோனீசிய வெளிநாட்டு மந்திரி சுனாரியோவும் இரட்டைப் பிரஜாவுரிமை பற்றிய ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். இந்தோனீசியாவில் பரம்பரையாக வாழ்ந்த சீனர்கள் எந்நாட்டவர் என்பதே அங்கும் கேள்வி. பருவமடைந்த ஒவ்வொருவரும் இரண்டாண்டுகளுக்குள் தாமே ஒரு நாட்டைத் தெரிந்தெடுக்கலாம் என்பது அவ்வுடன்படிக்கையின் சாரம். எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் அங்கே என்று முன்கூட்டி எண் குறிக்கப்படவில்லை. அதனால் எல்லாம் சுகமாக முடிந்ததென்று எண்ணவேண்டாம். 1959இல் இந்தோனீசியாவின் கிராமப்புறங்களில் அந்நியர் சில்லறை வியாபாரம் செய்யத் தடை வந்தது. உடன்படிக்கை 1960இல்தான் அமுலுக்கு வந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் சீனர் கப்பலேறினர். ஆயினும், ஒரு பிராந்திய மகாநாட்டின் ஓரத்திலேயே இப்படிப்பட்ட வழக்கை இரு நாடுகள் எடுத்துப் பேச முடிந்தது என்பது சரித்திரம். அதே ஊரில், அதே நாட்களில், நேருவும் சேர் ஜோனும் இருந்தார்கள்.

கொழும்பின் கணக்கில் சோறும் இருந்தது. 1952 டிசெம்பரில் இலங்கை சீனாவோடு றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டொன்றுக்கு 2,70,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் றப்பர். சீனாவுக்கு றப்பர் விற்கலாகாதென்ற ஐக்கிய நாடுகளின் தடை, அப்போது அங்கத்துவம் பெறாத இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்க உதவி நின்றபோதும் இலங்கை பின்வாங்கவில்லை. சிறிய நாடு தன் நலனுக்காகத் துணிந்து நின்ற சந்தர்ப்பம் இது, பாராட்டத் தக்கது. ஆனால் இதே அரிசி பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு சோதனையைக் கொண்டுவந்தது.

1962 அக்டோபரில் சீனப்படை இந்திய எல்லையைக் கடந்தது. அணிசேரா நாடுகளின் தாய்வீடான இந்தியா, நண்பர்களின் வாயைப் பார்த்தது. டிசெம்பர் 10 முதல் 12 வரை ஸ்ரீமதி பண்டாரநாயக்கா கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டினார். பர்மாவின் நே வின், கம்போடியாவின் சிஹானூக், இந்தோனீசியாவின் சுபாந்திரியோ, எகிப்தின் அலி சப்ரி, கானாவின் ஒஃபோரி அத்தா ஆகியோர் வந்தனர். சண்டையிட்ட இருவரையும் மீண்டும் பேச வைப்பதே நோக்கம். யார் ஆக்கிரமிப்பாளர் என்று எவரும் பெயர் சொல்லவில்லை. 1963 ஜனவரியில் பிரதமரே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் போனார். இந்தியா கொழும்பு யோசனைகளை முழுதாக ஏற்றது. சீனா தத்துவ அளவில் ஏற்று நிபந்தனை வைத்தது. சமாதானம் பிறக்கவில்லை. ஆனால் இந்தியா ஒன்றைக் கற்றுக்கொண்டது: ஆபத்து வேளையில் அயலவர் நம் பக்கம் நிற்பரென்று எண்ணியிருக்க முடியாது, அயலவரைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1964 மே 27ஆம் திகதி நேரு காலமானார். இலங்கை விடாது கேட்டும், கட்டாயமாக மக்களை ஏற்பதில்லை என்ற கொள்கையை இறுதிவரை பிடித்திருந்தவர் அவர். அக்கொள்கையால் நமக்கு நாடு கிடைக்கவில்லை, கப்பலும் ஏறவில்லை. அடுத்து வந்த சாஸ்திரி, அயல்நாடுகளோடுள்ள பிணக்குகளைத் தீர்க்க விரைந்தார். 1962இன் காயமே அதற்கு ஒரு பெருங்காரணமென்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுவர்; எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. இமயத்துப் பனியில் தொடங்கிய விவகாரம் டிக்கோயா லயங்களின் கதவைத் தட்டியது.

ஒப்பந்தத்தின் கணக்கு எல்லோரும் அறிந்ததே. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. எல்லாம் பதினைந்து ஆண்டுகளுக்குள். இலங்கை நால்வரை ஏற்றால் இந்தியா எழுவரை ஏற்க வேண்டுமென்ற விகிதமும் பிறந்தது. கையெழுத்திட்ட மேசையில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி எவரும் இல்லை. விண்ணப்பம் கோரப்பட்டபோதுதான் மக்களின் விருப்பம் வெளிப்பட்டது: இந்தியாவைக் கேட்டவர் தொகை 5,25,000ஐ எட்டவில்லை, இலங்கையைக் கேட்டவரோ 3,00,000இன் இரு மடங்குக்கும் மேல். எண்ணை முதலில் எழுதிவிட்டு மனிதரை அதற்குள் அடக்கப் பார்த்தால் நேர்வது இதுவே. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பதிவும் கிடைத்த வீடுகள் பல. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா மேடைகளில் தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிகளை வழியனுப்பிய அழுகையை நம் முதியோர் இன்றும் சொல்வார்கள். அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பின்னர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடை.

அதன் பின்னரும் இரு கணக்குப் புத்தகங்கள் ஒன்றாகவில்லை. 1971இல் இந்தியா தன் ஆகாயத்தைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியபோது அவை கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பின. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த கிளர்ச்சியை அடக்க இலங்கைக்கு இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்கள் அனுப்பின! டிசெம்பரில் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் இலங்கையின் பிரேரணை ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியது. 1974 ஜனவரியில் ஸ்ரீமதி பண்டாரநாயக்காவும் ஸ்ரீமதி இந்திரா காந்தியும் எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்தனர்; ஜூன் மாதம் கச்சதீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது மகாநாடு கொழும்பிற் கோலாகலமாகக் கூடியது. அதற்குச் சற்று முந்திய ஆண்டுகளில் தோட்டங்களில் மாவும் அரிசியுமின்றிப் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததை நேரில் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1985 டிசெம்பரில் டாக்காவில் சார்க் அமைப்புத் தோன்றியபோது, 1954இல் வாய்மொழி வழக்கமாயிருந்தது எழுத்திலேறியது. எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாயிருத்தல் வேண்டும். இரு நாடுகளுக்கிடையிலான பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விஷயங்களும் விவாதிக்கப்படலாகாது என்று அதன் சாசனத்தின் பத்தாம் பிரிவு கூறுகிறது. நாடற்றவர் வழக்கு முழுக்க முழுக்க இரு நாடுகளுக்கிடையிலான பிணக்கு. ஆகவே அந்தக் கதவும் சாத்தியதுதான். ஆனால் அதற்கு அடுத்த மாதம், 1986 தைப்பொங்கல் தினத்திலிருந்து, மலைநாட்டுத் தொழிலாளர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் அமர்ந்தனர். கொழுந்து செடியிலேயே முற்றியது. ஏற்றுமதி வருமானம் எங்கிருந்து வருகிறதென்பது கொழும்புக்கு நினைவு வந்தது. அம்மாத முடிவுக்குள்ளேயே பாராளுமன்றத்தில் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, இந்தியா ஏற்காது விட்ட 94,000 பேருக்கு வழி பிறந்தது. எந்த மகாநாடும் செய்யாததைச் சில நாட்களின் காலைப் பிரார்த்தனை செய்தது.

அதற்குள் கடல்வழி அடைபட்டுவிட்டது. 1984இல் யுத்தத்தின் காரணமாகத் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு போக முடியாமலும், இலங்கைப் பிரஜையென்று சொல்ல முடியாமலும் பல்லாயிரவர் அதே லயங்களில் வேலை செய்துகொண்டிருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. அதனைப் பெறும் தகுதி என்னவென்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவராக, அல்லது அவ்வாறு வாழ்ந்தவரின் வழித்தோன்றலாக இருத்தல்.